ஏசி அறைக்குக் குடிவந்த அசுவினிகள்

கோதுமைப் பயிரில் அசுவினி என்று ஒரு பூச்சி வரும். ஊசிமுனை அளவுதான் இருக்கும். இலைக்குள் வாயைச் சொருகி, இரவு பகல் பாராமல் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, பின்பக்கமாகப் பிசுபிசுவென்று இனிப்புத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருக்கும். இலை மஞ்சளாகிச் சுருண்டுவிடும். கதிர் பதராகிப் போகும். செடிப்பேன் என்றும் சொல்வார்கள். ஊரே இதை ஒழிக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெண்மணிக்கு மட்டும் இதைச் சாகாமல் வளர்ப்பதே உத்தியோகமாக இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. பூச்சியைத் தாங்கும் ரகம் என்று ஒருவர் ஒரு கோதுமையைக் கொண்டுவந்தால், பூச்சியை விட்டுப் பார்த்தால்தானே உண்மை தெரியும்? வயலில் வேண்டாதபோது அப்பிக்கொண்டிருக்கும் அசுவினி, வேண்டும் என்று தேடினால் கண்ணில் படாது. அதனால் நிலையத்தில் ஒரு வளர்ப்பறை, அதற்கு ஒரு ஏசி, அதற்குப் பொறுப்பாக இந்தப் பெண்மணி. எல்லோரும் அவளை 'அசுவினி மேடம்' என்றே கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "நல்ல பேரு மேடம்" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

கோடை கொளுத்திக்கொண்டிருந்த ஒரு காலையில் வளர்ப்பறை ஏசி புகைந்து நின்றுவிட்டது. இயக்குநர் ஓடிவந்து பார்த்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் மேலிடத்துக்கு எழுதிப் பதில் வராமல் ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டார்.

"மேல எழுதிட்டேன் மேடம். புதுசு வந்துடும்."

"எப்ப சார் வரும்?"

"கோடை முடியறதுக்குள்ள."

"கோடை முடிஞ்சா ஏசியே வேணாமே சார்."

"நல்ல பாயின்ட். அதையும் எழுதிடறேன்."

அதற்குள் தட்டுகளில் இருந்த அசுவினிகள் பொலபொலவென்று உதிரத் தொடங்கிவிட்டன. புது ரகங்களைச் சோதித்து அனுமதி தரும் நிபுணர் குழு வருவதற்கு அதிக நாள் இல்லை. சோதனைக்குப் போக இருந்ததோ இயக்குநர் தன் பாதி ஆயுளைக் கொட்டி உருவாக்கிய புது ரகம். அவள் வேறு வழி தெரியாமல், பிழைத்திருந்த தட்டுகளை வலைக்கூண்டோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த புது ரக நாற்றுத் தட்டுகளும் விதைப் பையும் கூடவே போயின.

வீட்டில் ஏசி இருந்தது ஒரே ஒரு அறையில். அது மாமனார் மாமியாருடைய அறை.

"கொஞ்ச நாளைக்குத்தான் அத்தை" என்றாள்.

மாமியார் கட்டிலையும், கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்ட தட்டுகளையும் பார்த்தாள். "எங்கள எங்க போகச் சொல்ற?"

"ஹால்ல படுத்துக்கலாம். நாங்களும் ஹாலுக்கே வந்துடறோம், துணைக்கு."

அப்படியே ஆயிற்று. குடும்பம் மொத்தமும் ஹாலில் பாய் விரித்தது. தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, சூடான காற்றையே திருப்பித் திருப்பி முகத்தில் வாரி இறைத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அசுவினிகள் ஜில்லென்று குடித்தனம் நடத்தின.

"பேனுக்கு ஏசி, நமக்கு ஃபேன்" என்றான் அவள் கணவன், கூரையைப் பார்த்தபடி.

அவனுக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. அவன் கடைவீதியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தான். நாள் முழுவதும் மருந்து டப்பாக்களுக்கு நடுவில் நின்றதால் சட்டை, தலைமுடி, செருப்பு எல்லாவற்றிலும் அந்த நெடி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நெடியோடு அறைப்பக்கம் போனால் அசுவினிகளுக்கு ஆகாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தினமும் மாலையில் அவன் கொல்லைக் குழாயடியில் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்ட பிறகுதான் சொந்த வீட்டுக்குள் கால் வைக்க முடிந்தது.

"ஊர்ல இருக்கற அசுவினி எல்லாம் என் பேரக் கேட்டா நடுங்குது. என் வீட்டு அசுவினிக்கு முன்னாடி நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கறேன்" என்றான், ஈரத் தலையோடு.

"சோப்பு நல்லா போட்டீங்களா? காதுக்குப் பின்னால?"

"போட்டேன்."

மாமனார்தான் இதில் மாட்டிக்கொண்ட முக்கியமான ஆள். அவர் ஆண்கள் கல்லூரி விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மாடி முழுவதும் விளக்கணைந்துவிடுமாம். ஓய்வு பெற்ற பிறகு அவர் செருப்புச் சத்தத்துக்கு வீட்டுப் பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் நாள் மதியம் வெக்கை தாங்காமல், 'சும்மா ஒரு எட்டுப் பார்த்துட்டு வரேன்' என்று அறைக்குள் போனவர், சாயங்காலம்தான் வெளியே வந்தார். மறுநாள் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். அதற்கு மறுநாள் மருமகளிடம் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கினார்.

பகலெல்லாம் நிலையத்தில் இருக்க வேண்டிய அவளுக்கு இது வசதியாகவே இருந்தது. நாற்றுக்குத் தண்ணீர் தெளிப்பது எப்படி, வாடின செடியை எடுத்துவிட்டுப் புதுச் செடி வைப்பது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். மாமனார் அதற்கு மேலும் போனார். காலையிலும் மாலையிலும் தட்டுத் தட்டாகக் குனிந்து வருகை பார்த்தார். கதவுக்கு வெளியே இருந்து கேட்டால், "என்ன, எல்லாரும் சாப்டாச்சா? அங்க என்ன ஒரே கூட்டம்? தள்ளி உட்காருங்க" என்று அவர் குரல் கேட்கும்.

சாப்பிடும்போதும் அதே பேச்சு. "எல்லாம் பொம்பளைங்க, தெரியுமா? ஆம்பளைன்னு ஒண்ணுகூட இல்ல. பொறக்கும்போதே வயித்துல அடுத்த குழந்தையோட பொறக்குது. நான் அத்தனை வருஷம் பசங்க ஹாஸ்டல்ல கத்திக் கத்தித் தொண்டை போச்சு. பொண்ணுங்க ஹாஸ்டல் எவ்வளவு அமைதியா இருக்கு பாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை பேச நேரம் கிடையாது" என்றாள் மாமியார் தட்டைப் பார்த்துக்கொண்டே. "பேனுங்களோட பேச்சு நிக்க மாட்டேங்குது."

நடுவில் ஒருமுறை அசுவினிகளின் எண்ணிக்கை திடீரென்று குறைந்தது. மின்வெட்டில் ஏசி நின்றதால்தான் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். பிறகு மளமளவென்று கூடிவிட்டது. அவளுக்கு நிம்மதி. கேட்டபோது மாமனார், "எல்லாரும் சௌக்கியம்மா" என்று மட்டும் சொன்னார்.

சோதனைக்கான நாளில் அவள் வீட்டு அசுவினிகளைக் கொண்டுபோய் நிலையத்துக் கூடத்தில், வலைக்குள் இருந்த இரண்டு வரிசைக் கோதுமையின் மேல் விட்டாள். ஒரு வரிசை, எல்லா வயல்களிலும் இருக்கும் சாதாரண ரகம். இன்னொன்று இயக்குநரின் புது ரகம். சாதாரண ரகம் சுருண்டு விழ வேண்டும், புது ரகம் பச்சைப் பசேலென்று நிற்க வேண்டும். ஒரு வாரம் கழித்து நிபுணர் குழு வந்தது. இயக்குநர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தானே வலையை விலக்கினார்.

சாதாரண ரகம் பச்சைப் பசேலென்று நின்றது. புது ரகம் மஞ்சளாகிச் சுருண்டு, பிசுபிசுப்பு வழிய, தலைகுப்புறக் கிடந்தது. அதன் மேல் அசுவினிகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, கல்யாணப் பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தன.

இயக்குநர் குனிந்து இரண்டு லேபிள்களையும் படித்துப் பார்த்தார். பிறகு மெல்ல, "லேபிள மாத்தி வச்சிட்டாங்க போல" என்றார்.

"இல்ல சார்" என்றாள் அசுவினி மேடம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். "லேபிள் சரியாத்தான் இருக்கு. நானே வச்சேன்."

குழுத்தலைவர் வயதானவர், எல்லாவற்றிலும் நல்லதையே பார்க்கிறவர். பச்சை வரிசையைத் தடவிக்கொடுத்தார். "அப்ப இது தாங்குதே! பிரமாதம். இதையே வெளியிட்டுடலாம்."

"சார், இது ஏற்கனவே எல்லா வயல்லயும் இருக்கற ரகம்" என்றாள் அவள்.

"அப்ப ரொம்ப வசதி. விதை கொண்டுபோய்க் குடுக்கற வேலை மிச்சம்."

"எல்லா வயல்லயும் இதத்தான் சார் அசுவினி தின்னுட்டிருக்கு."

"அது வயல்ல" என்றார் தலைவர். "நாம ஆராய்ச்சி நிலையத்துல இருக்கோம்."

குழு அன்றைக்கு மதிய உணவு சாப்பிட்டுவிட்டு, முடிவை யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டது. இயக்குநர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இருந்து மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் அந்தக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சீக்கிரமே வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் மாமனார் ஏசி அறையில் வாடிய நாற்றுகளை எடுத்துவிட்டு, மூலையில் இருந்த தட்டிலிருந்து கொழுகொழுவென்று இருந்த நாற்றுகளை நட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்தத் தட்டைப் பார்த்தாள்.

"மாமா, அது எந்தத் தட்டு?"

"மூலைல இருந்ததும்மா. அது தீர்ந்ததும், கூட இருந்த பையிலேருந்து நானே விதை போட்டு வளர்த்துக்கிட்டேன்."

"அது புது ரகம் மாமா! அசுவினி அதத் திங்கக் கூடாது!"

"முதல்ல திங்கலதான்." அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் போல் நின்றார். "தினமும் ஒரே மெஸ் சாப்பாடு போடறோமேன்னு மனசு கேக்கல. ஹாஸ்டல்ல பசங்க அதுக்குத்தான் தட்டத் தூக்கி அடிப்பாங்க. அதான் மாத்திக் குடுத்தேன். நெறைய பேரு செத்துப்போயிட்டாங்க. உன்கிட்ட சொல்லப் பயமா இருந்தது. ஒரு சிலது மட்டும் முகத்தச் சுளிச்சுக்கிட்டே சாப்டுச்சு. அதுங்க பெத்த குழந்தைங்களுக்கு இதுதான் பிடிக்குது. பழசக் குடுத்தா இப்ப தொடவே மாட்டேங்குது."

அவள் கட்டில் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தாள். இயக்குநர் பாதி ஆயுளில் உருவாக்கிய கோதுமையைத் தின்னத் தெரிந்த ஒரு புது அசுவினி வம்சத்தை, அவளுடைய மாமனார் அன்பினாலேயே உருவாக்கிவிட்டார்.

மறுநாள் அவள் இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, அழுத களைப்பில் இருந்தார். "உங்க மாமனார் எங்க படிச்சார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு கூடத்தில் இருந்த வீட்டு அசுவினிகளை அழித்துவிட்டு, இருவருமாக வயல்வயலாக அலைந்து, சாதாரண அசுவினிகளைப் பிடித்துவந்து மறுபடி சோதனை வைத்தார்கள். இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. சாதாரண ரகம் சுருண்டது, புது ரகம் நிமிர்ந்து நின்றது. குழுத்தலைவர் வந்து இந்த வரிசையையும் அதே சந்தோஷத்தோடு தடவிக்கொடுத்தார். போகும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல இருக்கே, அந்த இனம். ஒண்ணு வெளிய போனாலும் புது ரகம் காலி. இன்னைக்கே ஒழிச்சிடுங்க" என்றார்.

செய்தி கேட்டுக் கணவனுக்குக் கொண்டாட்டம். மறுநாள் காலை கடைக்குப் போனவன், கடைச்சட்டையைக்கூட மாற்றாமல், தோளில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வீட்டுக்குள் நுழைந்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு குளிக்காமல் நுழைகிறான். நேராக ஏசி அறைக் கதவுக்குப் போனான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அப்பா, திறங்க."

"முடியாது" என்றது உள்ளிருந்து குரல்.

"அப்பா, அது பூச்சி. நான் பூச்சிமருந்துக் கடைக்காரன். என் மானத்தக் காப்பாத்துங்க."

"உன் மருந்துக்கு ஊர்ல ஆயிரம் பூச்சி கிடைக்கும். இதுங்களுக்கு என்ன விட்டா யாரு இருக்கா?"

மாமியார் தன் பங்குக்குக் கதவைத் தட்டிப் பார்த்தாள். "ஏங்க, டீ ஆறுது" என்றாள். பதில் இல்லை. "நான் வேணுமா, பேனு வேணுமான்னு சொல்லுங்க" என்றாள். அதற்கும் கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. விறுவிறுவென்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

மருமகள் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். கணவனைக் கையசைத்துத் தள்ளிப்போகச் சொன்னாள்.

"மாமா, நான் மட்டும்தான் இருக்கேன். சொல்லுங்க."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். குரல் கதவுக்குப் பக்கத்தில் வந்தது.

"ஹாஸ்டல்ல நான் வெளிய அனுப்பாத பையன் கிடையாதும்மா. சிகரெட்டுக்கு, சினிமாவுக்கு, சிரிச்சதுக்குக்கூட. நான் வந்தா எல்லாம் ஓடும். ரிட்டயர் ஆன அன்னைக்கு ஒருத்தன் வந்து எட்டிப் பார்க்கல." ஒரு தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. "இதுங்க மட்டும்தான் நான் கதவத் திறந்தா ஓடல."

அவள் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். ஆனாலும் பொய் சொல்ல அவளுக்கு வராது.

"அதுங்களால ஓட முடியாது மாமா. வாய் இலைக்குள்ள சொருகியிருக்கு. இழுத்தா அறுந்துடும்."

உள்ளே ஒரு செருமல். செருமல் மெதுவாகச் சிரிப்பாக மாறியது. அந்த வீட்டில் யாரும் அவர் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம்கூட நின்றுபோனது.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார், மூச்சு வாங்க. "நான் என் குணத்துக்காகத்தான் ஓடலன்னு நினைச்சுட்டிருந்தேன்."

"சோப்புத் தண்ணி போதும் மாமா. மருந்து வேணாம். நானே பார்த்துக்கறேன்."

"இப்ப கொஞ்சம் சிக்கல்மா" என்றார். "கூட்டம் அதிகமாச்சா, ரெக்க முளைச்சிருச்சு. கூண்டத் திறந்துவிட்டேன். எல்லாம் பறந்துட்டிருக்கு."

அவள் துள்ளி எழுந்தாள். இடம் நெருக்கடியானால் அசுவினிக்குச் சிறகு முளைக்கும். பறந்தால் மஞ்சள் நிறத்தைத் தேடிப்போய் உட்காரும். அவள் கணவனின் சட்டையைப் பார்த்தாள். மருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த, பளீரென்ற மஞ்சள் சட்டை.

"கழட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னா!"

சட்டையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, ஒரு துடைப்பக்கட்டையில் கொடி போல மாட்டி, கதவை நூலளவு திறந்து உள்ளே நீட்டினாள். மாமனார் அதை வாங்கினார். ஓய்வுபெற்ற வார்டன், பனியனோடு கட்டிலின் மேல் ஏறி நின்று, மஞ்சள் கொடியை மெதுவாக ஆட்டினார். "வாங்க, வாங்க, எல்லாரும் ரூமுக்கு வாங்க" என்று அவர் கூப்பிடுவது ஹால் வரை கேட்டது. அசுவினிகள் வந்து சட்டையில் ஒட்டின. மிச்சம் இருந்த செடிகளை வாளியில் அவரே முக்கினார். எல்லாம் முடிந்ததும் கதவைத் திறந்து வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கொல்லைக் குழாயடிக்குப் போய்க் குளித்தார். மாமியார் பின்னாலேயே போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாள். அறையைப் பெருக்கித் துடைத்ததும் அவள்தான்.

மதியம் போன் வந்தது. இயக்குநர் மூச்சிரைக்கப் பேசினார்.

"மேடம், ஒழிச்சிட்டீங்களா?"

"சுத்தமா ஒழிச்சாச்சு சார்."

"ஐயையோ! ஒழிக்காதீங்க! தலைவர் மறுபடி பேசினார். நாளைக்கு இதே மாதிரி இனம் வயல்லயே தானா உண்டாகும்ல, அதுக்கு இப்பவே ஒரு ரகம் தயார் பண்ணணுமாம். உலகத்துலயே அந்த இனம் உங்க வீட்டுல மட்டும்தான் இருக்கு. ஒண்ணாவது மிஞ்சியிருக்கா பாருங்க. ஒண்ணே ஒண்ணு போதும், மிச்சத்த அதுவே பெத்துக்கும்."

கொஞ்ச நேரத்தில் இயக்குநரே டார்ச் விளக்கும் கண்ணாடிக் குப்பியுமாக வந்து சேர்ந்தார். வீட்டில் எல்லோரும் தரையில் தவழ்ந்தார்கள். பூச்சிமருந்துக் கடைக்காரன் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்து, "செல்லம், எங்க இருக்க? ஒண்ணும் பண்ணமாட்டேன், வா" என்று கெஞ்சினான். மாமனார் ஜன்னல் திரையை மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தார். செத்தது கிடைத்தது, உயிரோடு ஒன்றும் இல்லை. மாமியார் மட்டும் இதில் சேராமல், நாற்காலியில் உட்கார்ந்து இவர்கள் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் நிமிர்ந்தவர், அப்படியே நின்றார். கண்களை இடுக்கினார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க" என்றார். "உங்க தலையில பேன் இருக்கு."

தவழ்ந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே தலையை நிமிர்த்தினார்கள். மாமியாரின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. "யாரப் பார்த்து என்ன சொல்றீங்க? எங்க பரம்பரையிலயே யார் தலையிலயும் ஒரு ஈரு கிடையாது!"

"செடிப்பேன் அத்தை!" என்று கத்தினாள் மருமகள். "அசையாதீங்க!"

"அசையாத" என்றார் மாமனாரும். பூதக்கண்ணாடியோடு மனைவியின் தலைக்கு மேல் குனிந்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் அவளைப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று அவருக்கே தெரியாது. "காதுக்கு மேல இருக்கு. நல்லா இருக்கா. ஐயோ, பக்கத்துல ஒரு குழந்தை. இப்பத்தான் பொறந்திருக்கு!"

மாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மருமகள் மெல்லிய தூரிகையால் தாயையும் பிள்ளையையும் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் விட்டாள். கணவன் கொல்லைத் தொட்டியில், மாமனார் விதைத்தபோது சிதறி முளைத்திருந்த ஒரே ஒரு புது ரக நாற்றைப் பிடுங்கி ஓடிவந்தான். தாய் அதில் ஏறி, வாயைச் சொருகி, சாப்பிட ஆரம்பித்தாள். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புது இனத்துக்கு ஒரு பேரு வைக்கணும்" என்றார். "கண்டுபிடிச்ச இடத்த வச்சோ, ஆள வச்சோ வைக்கறதுதான் வழக்கம். அம்மாவோட பேரையே…"

"வச்சுப் பாருங்க" என்றாள் மாமியார், கண்ணைத் திறக்காமலே. "அந்தக் குப்பிய நானே மிதிச்சு உடைப்பேன்."

இயக்குநர் குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு, மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றார்.